டைமரைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுங்க

பழைய கேமராக்களை வாங்கி ரிப்பேர் செய்கிற ஆள் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் என் மனைவியிடம் கேட்கலாம். தலையில் அடித்துக்கொண்டே சொல்லுவாள்.

அப்படிப்பட்ட ரிப்பேர்க்காரனிடம் ஒருவர் வந்து, "நல்லா ஓடுது தம்பி, கொஞ்சம் கெடுத்துக் கொடுங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்? என்னிடம் கேட்டார்கள். போன மாதம்தான். கேட்டவர் ஒரு டீச்சர் வேறு. நானும் மெனக்கெட்டுக் கெடுத்துக் கொடுத்தேன்.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு இது தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு. டிஜிட்டல் வந்ததும் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்ட ஃபிலிம் கேமராக்களைத் தேடித் தேடி வாங்குவேன். வண்ணார்பேட்டையில் பழைய இரும்புக் கடை அண்ணாச்சி ஒருவர் எனக்காகவே எடுத்து வைப்பார். குலசேகரன்பட்டினத்தில், தசராவுக்கு வேஷம் கட்டி வருகிறவர்களை நிற்கவைத்துப் படம் பிடித்துக் கொடுத்தவரிடம் ஒன்று வாங்கினேன். திறந்து பார்த்தால் பல்சக்கரங்களுக்கு நடுவே குங்குமம்! அதன் முன்னால் எத்தனை காளி வந்து நின்றிருப்பாள்? துடைக்க மனசே வரவில்லை. ஆனால் துடைத்தேன். இல்லாவிட்டால் ஷட்டர் மூடாது.

இப்படித் துடைத்துத் துடைத்தே ஊரில் 'கேமரா டாக்டர்' என்று பெயர் வாங்கிவிட்டேன். அந்தப் பெயரை நம்பித்தான் பாளையங்கோட்டையிலிருந்து கிரேஸ் டீச்சர் போன் செய்தார்.

டீச்சர், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர் என்பார்கள். நான் படித்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஆனாலும் அவர் வீட்டு வாசலில் நின்றதும் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தது. அவருடைய கணவர் ஜெபமணி அண்ணாச்சி, பத்திர ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். கேமரா அவருடையது.

போன வருஷம் அண்ணாச்சிக்கு வாதம் வந்து, இடது கால் இழுத்துக்கொண்டது. இப்போது கம்பு ஊன்றித்தான் நடை. அதன்பிறகு மனுஷர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதில்லை. யாராவது பார்க்க வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

"கல்யாணமாகி அம்பது வருஷம் ஆவுது தம்பி. வீட்டுல ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைப்போமான்னு கேட்டேன். வேண்டாம்னு சொவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டாவ. மறுநாள் காலைல காப்பி கொண்டு போறேன்... 'கேமரா எங்க வச்ச?'ன்னு கேக்காவ." டீச்சர் கேமராவை என் பக்கம் நீட்டினார். "இத்தன மாசத்துல அவியளா வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்."

கேமராவை வாங்கிப் பார்த்தேன். ஜப்பான் கேமரா. தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கியதாம். இப்போதும் என்ன கம்பீரம்! லென்ஸ் சுத்தம், ஷட்டர் சுத்தம். செல்ஃப் டைமர் மட்டும் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது.

செல்ஃபி காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கேமராவின் முன்பக்கம் ஒரு குட்டிப் பிடி இருக்கும். அதைக் கீழே இழுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால், 'கிர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். ஓடி முடிந்ததும் கிளிக். அதற்குள் படம் எடுக்கிறவர் அடித்துப் பிடித்து ஓடிப்போய் மற்றவர்களோடு நின்றுகொள்ள வேண்டும். இதுதான் செல்ஃப் டைமர்.

"இதுக்கா இவ்வளவு? டைமர் இல்லாமலே படம் எடுக்கலாமே டீச்சர்" என்றேன்.

டீச்சர் உள்ளே போய் ஓர் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் ஒரு போட்டோ. முற்றத்தில் இரண்டு நாற்காலிகள். பின்னால் அண்ணாச்சி கட்டிய வீடு, வாசற்படியிலிருந்து மொட்டைமாடிச் சுவர் வரை முழுசாக. இடது நாற்காலியில் டீச்சர், கஞ்சி போட்ட சேலையில், கேமராவை நேராகப் பார்த்தபடி. வலது நாற்காலியில்...

அங்கேதான் வில்லங்கம். ஒரு வருஷம் அண்ணாச்சியின் முதுகு. ஒரு வருஷம் காற்றில் பறக்கிற வேட்டி நுனி. ஒரு வருஷம் பாதி உட்கார்ந்து, பாதி நின்று, நாற்காலியே சாய்கிறது. மணிமுத்தாறு அணைக்குப் போன வருஷம் எடுத்ததில் பாறை இருக்கிறது, பாறை மேல் டீச்சர் இருக்கிறார், ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. அண்ணாச்சியைக் காணோம்!

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு இருக்கிறதே...

"சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் டீச்சர். "அமுக்கிட்டு உடனே வர மாட்டாவ தம்பி. ஒழுங்கா ஓடுதான்னு ஒரு தடவ குனிஞ்சு பாப்பாவ. பொறவுதான் ஓடி வருவாவ. அதுக்குள்ள கிளிக்குன்னுரும்."

"ஒரு தடவைகூட வந்து சேரலையா?"

"ஒரே ஒரு தடவ சேந்தாவ. அதுல கண்ண மூடிட்டாவ."

இன்னொரு தடவை எடுத்திருக்கலாமே என்று நான் கேட்டதுதான் தாமதம், உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

"ஃபிலிம் என்ன சும்மாவா வருது? வருஷத்துக்கு ஒண்ணுதான். ரெண்டாவது கிடையாது. அது எங்க கண்டிஷன்!"

ஜெபமணி அண்ணாச்சி. கதவு அரைவாசி திறந்திருந்தது.

"அண்ணாச்சி, நாற்காலியைக் கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டப் போட்டா..."

"வீடு முழுசா வராதுவே!"

"வேற யாரையாவது அமுக்கச் சொன்னா..."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சரி, போச்சு என்று நினைத்தேன். மறுபடி திறந்தது. "வேற ஒருத்தன் அமுக்குனா அது அவன் எடுத்த போட்டோ. எம் பொண்டாட்டிய நான்தாம்வே எடுக்கணும்!" மறுபடி படார்.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம் மவ பிரேமா, போன்ல எடுத்துருவோம்பான்னு ஒரு வார்த்த சொன்னா. அவ கூடப் பேச்சே இல்ல." பிறகு ஹால் சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். கல்யாணத்தன்று ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில், வெறும் சுவர். "இங்கன மாட்டணும்னு எத்தனையோ வருஷமா இடம் விட்டு வச்சிருக்கேன். எம் பக்கத்துல அவிய உக்காந்துருக்க மாதிரி ஒண்ணே ஒண்ணு. வேற ஒரு ஆசையும் இல்ல தம்பி."

இதைக் கேட்டபிறகு ரிப்பேர் செய்யாமல் இருக்க முடியுமா?

டைமரைத் தனியாகக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாக இருந்தது. பெட்ரோல் விட்டுக் கழுவி, ஊசி முனையில் வாட்ச் ஆயில் தொட்டு வைத்தேன். பொத்தானை அமுக்கினால்... ஆகா! புதுக் கேமராகூட இப்படி ஓடாது. நான் என் தோளையே தட்டிக்கொள்ளாத குறை. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் இதே பெருமைதான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி அறையை விட்டு வெளியே வந்தார். கேமராவை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார். ஃபிலிம் போடாமல் ஒரு ரிகர்சல் பார்ப்போம் என்று முற்றத்தில் ஸ்டாண்டை வைத்தார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார். குனிந்து பார்த்தார், பழக்கம் விடுமா? கம்பை ஊன்றினார். ஒரு அடி. காலை இழுத்து இன்னொரு அடி.

கிளிக்.

பாதித் தூரம்கூட வரவில்லை. முற்றத்து நடுவில் அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"கால் போச்சுன்னா எல்லாம் போச்சு. பீரோவுல வையி கிரேஸு" என்றார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. இந்தத் தடவை சத்தமே இல்லாமல். அதுதான் என்னவோ போல் ஆகிவிட்டது எனக்கு.

கேமராவோடு வாசல்வரை வந்த டீச்சர் அங்கே வைத்துத்தான் கேட்டார்.

"நல்லா ஓடுது தம்பி. கொஞ்சம் கெடுத்துக் கொடுங்க. பைய, மெதுவா ஓடட்டும். அவியளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், கேட்டியளா?"

"எவ்வளவு பைய ஓடணும் டீச்சர்?"

யோசிக்கவே இல்லை. "ஒரு பரமண்டலம்" என்றார்.

பரமண்டல ஜெபம். கிறிஸ்தவ வீடுகளில் பேச்சு வந்த பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது. நிதானமாகச் சொன்னால் அரை நிமிஷம் பிடிக்கும். "கேமராக்கிட்ட இருந்து எங்கிட்ட வந்து உக்காரதுக்கு அவியளுக்கு அவ்வளவு ஆவும். தெனமும் அந்த ரூம்ல இருந்து சாப்பாட்டு மேசைக்கு வாராவள்லா... அதே தூரந்தான். நான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துருக்கேன்."

அவர் எதற்காகத் தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. விழுந்துவிடக் கூடாதே என்றுதான். வேறென்ன?

பழைய கேமராக்காரர்கள் எழுதுவதையெல்லாம் எத்தனையோ படித்திருக்கிறேன். அழுக்கை எடுப்பது எப்படி என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அழுக்கை வைப்பது எப்படி என்று ஒருவர்கூட எழுதவில்லை! சைக்கிள் கடை கிரீஸ் வைத்துப் பார்த்தேன், டைமர் நகரவே இல்லை. தையல் மெஷின் எண்ணெய் விட்டேன், முன்னைவிட வேகமாக ஓடியது. இரண்டையும் குழைத்தேன். ஒவ்வொரு தடவையும் டைமரை ஓடவிட்டு, டீச்சர் எழுதிக் கொடுத்த ஜெபத்தைக் கூடவே வாசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காலையில இருந்து ஜெபம் பண்ணுதியளே... என்ன, வீட்டு மேல எதுவும் கடன் வாங்கிட்டியளா?"

விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க வேகமா வாசிக்கிய. வயசானவங்க பைய சொல்லுவாங்க. குடுங்க, நான் வாசிக்கேன்" என்று தாளை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டு முருகன் படத்துக்குக் கீழே, என் மனைவி வாசிக்க வாசிக்க, டைமர் பைய பைய ஓடி, சரியாக ஆமென் சொல்லும்போது 'கிளிக்' என்றது. அவள் கை தட்டினாள். அந்த மேசைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான்.

ஜெப நாளும் வந்தது.

போதகர் வந்து ஜெபம் செய்தார். வீடு நிறைய ஆட்கள். டைமரில் ஏதோ சின்னக் குறை இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, நேரம் தாராளமாக இருக்கும் என்று டீச்சர் முன்பே சொல்லி, போட்டோவுக்கும் ஜெபத்துக்கும் அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்திருந்தார். அண்ணாச்சி வெள்ளை வேட்டி, சட்டையில் ஹாலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் பேசினார். ஒருவரிடம் வழக்கம்போலக் கோபித்துக்கொள்ளவும் செய்தார். மகள் பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டே பந்தி பரிமாறினாள்.

போட்டோ எடுக்கலாம் என்று எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். நான் போய்க் கேமராவைத் தொட்டேன்.

கொதிக்கிறது! அண்ணாச்சி காலையிலேயே ஸ்டாண்டில் மாட்டி முற்றத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? சூட்டில் கிரீஸ் இளகும். இளகினால் டைமர் பழையபடி விர்ரென்று ஓடும். வீட்டுக்குள் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சோதனை செய்த மகாபுத்திசாலிக்கு இது தோன்றவே இல்லை.

இதை அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது? கிரீஸ் வைத்ததே அவருக்குத் தெரியக் கூடாதே!

"அண்ணாச்சி, கொஞ்ச நேரம் நிழல்ல வச்சிட்டு எடுப்போமே..."

"இப்பதாம்வே வீட்டு முகப்புல வெளிச்சம் சரியா விழுது. நீரு கொஞ்சம் தள்ளும்."

தள்ளினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சிரித்துத் தலையாட்டினார்.

அண்ணாச்சி அமுக்கினார். கிர்ர்ர்...

போச்சு. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. டைமர் பறக்கிறது.

அவர் குனிந்து ஒரு தடவை பார்த்தார். திரும்பினார். கம்பை ஊன்றி ஓர் அடி. டீச்சரின் உதடு அசைந்துகொண்டிருந்தது, பரமண்டலம்தான். இன்னும் பாதிகூட ஆகியிருக்காது. 'கிர்ர்' என்ற சத்தம் மாறியது. ஓடி முடியப் போகும்போது அந்தச் சத்தம் கொஞ்சம் மாறும். எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாதா?

டீச்சரின் உதடு நின்றது. அவ்வளவு வருஷமும் அசையாமல் நேராக உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்தார். நாற்காலியை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து போய் அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்தார்.

கிளிக்.

"ஏன் எந்திரிச்ச?" என்று கத்தினார் அண்ணாச்சி. டீச்சர் பிடித்த முழங்கையை விடவில்லை.

"அப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு..." என்றாள் பிரேமா. அவர் மகளைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. வருஷத்துக்கு ஒண்ணுதான்.

மீதி ஃபிலிமை நான் ஆற்றுப் பாலத்தில் நின்று கண்டதையும் எடுத்துத் தீர்த்து, கேமராவை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபிலிமைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பினேன். நம் ஊரில் இப்போது ஃபிலிம் கழுவ யார் இருக்கிறார்கள்? படம் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் ஆசைதான் என்று கேட்ட மனுஷிக்கு, அந்த ஒன்றையும் கெடுத்துக் கொடுத்துவிட்டேனே! கெடுக்கச் சொன்னதை ஒழுங்காகக் கெடுக்கக்கூடத் தெரியவில்லையே!

போன வாரம் பிரிண்ட் வந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

பின்னால் வீடு, முழுசாக. முன்னால் இரண்டு நாற்காலிகள், அவற்றின் பின்னல்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். இரண்டிலும் ஆள் இல்லை. நாற்காலிகளுக்கு முன்னால், கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில், லேசாக மங்கலாக இரண்டு பேர். டீச்சரின் கை அண்ணாச்சியின் முழங்கையில். இரண்டு பேருமே கேமராவைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். நீங்க கேட்டது இது இல்ல..."

"இத்தன வருஷமும் நான் உக்காந்தே இருந்துட்டேன் பாத்தியளா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அவியதான் வரணும், அவியதான் வரணும்னு உக்காந்தே இருந்துருக்கேன். ஒரு வருஷமாவது எந்திரிச்சுப் போயிருக்கலாம். தோணவே இல்லியே தம்பி." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய டீச்சர் குரலில், "சுத்தியல் சன்னல்ல இருக்கு. அந்த இடத்துல ஆணி அடிங்க" என்றார். காப்பி போடப் போனார்.

நான் ஆணி அடிக்கும்போது அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பின்னால் நின்றார். படத்தையே பார்த்தார்.

"ஃபோகஸ் அவுட்டு" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"டைமர்ல கிரீஸ் வச்சீரு, என்ன?"

சுத்தியல் என் விரலில் விழுந்தது. "எப்படி அண்ணாச்சி..."

"காலைல ஃபிலிம் போடுறதுக்கு முன்ன ஒரு தடவ ஓட விட்டுப் பாத்தேன். இழுத்து இழுத்துக் கத்துது. எங் கேமரா சத்தம் எனக்குத் தெரியாதாவே?"

"பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அவ ஆசப்பட்டுல்லா செஞ்சிருக்கா. தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா அவ மூஞ்சி வாடிரும். நீரும் சொல்லாதயும்."

என்ன ஜனங்கள் இவர்கள்! இவருக்குத் தெரியக் கூடாது என்று அவர். தெரிந்தது அவருக்குத் தெரியக் கூடாது என்று இவர். நடுவில் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு நான்.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். "கேமராவைக் கொடுங்க அண்ணாச்சி. கிரீஸை எடுத்துட்டு, பழையபடி சுத்தம் பண்ணித் தாரேன்."

"கிடக்கட்டும்வே" என்றார். "அடுத்த வருஷத்துல இருந்து அவளும்லா எங்கூட நடந்து வரணும்!"

கெடுத்த வேலைக்கு இப்படி ஒரு சர்டிஃபிகேட் எந்த மெக்கானிக்குக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?